ஜெஃபினுக்கு இரண்டு மடி

போத்தனூர்
5.6.2024, புதன்கிழமை

கோபத்திலும் அழகாக இருக்கிற கரோலின் அம்மணிக்கு,

உன் ஓரகத்தி விமலாராணி எழுதுவது. இங்கே நான், உன் பிரான்சிஸ் மாமா, மதிவதனி, குட்டி ஃபெமினா எல்லாரும் சுகம். அங்கே நீயும் ஜேக்கும் ஜெஃபினும் சுகமா? சுகம் என்றால் ஏன் என் போனை எடுப்பதில்லை?

மூன்று நாளாகக் கூப்பிடுகிறேன். ஒரு மணி அடித்துக் கட் ஆகிறது. போனில்தான் கோளாறு என்று மதிவதனியிடம் நீட்டினேன். பிளஸ் டூ படிக்கிற பிள்ளை, பார்த்துவிட்டு விழுந்து விழுந்து சிரிக்கிறாள். "அம்மா, போனுக்கு ஒண்ணும் ஆகலை. சித்தி உன்னைய பிளாக் பண்ணிப்போட்டாங்க" என்றாள். அஞ்சாங்கிளாஸோடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவளைப் பேனா பிடிக்க வைத்துவிட்டாய். எழுத்து கோணலாக இருந்தால் தலையைச் சாய்த்துப் படி. மாமா ஆட்டோவில் மதுக்கரைப் பக்கம் சவாரி வரும்போது இதை உன்னிடம் கொடுப்பார்.

அப்படி என்ன கண்ணு செய்துவிட்டேன்? ஞாயிற்றுக்கிழமை நம் இரண்டு குழந்தைகளுக்கும் ஒன்றாக ஞானஸ்நானம். கோவிலுக்குப் பின்னால் இருக்கிற அறையில் உட்கார்ந்து ஃபெமினாவுக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தேன். ஜேக் வந்து, "அண்ணி, இவனைக் கொஞ்சம் புடிங்க, கரோலின் போட்டோவுல நிக்கறா" என்று ஜெஃபினை என் மடியில் போட்டுவிட்டுப் போனான். உன் மகன் வீறிட்டான். ஒரு பக்கம் என் மகள், இன்னொரு பக்கம் சும்மாதானே இருந்தது. போட்டேன். குடித்தான். மதிவதனி கைக்குழந்தையாக இருந்தபோது எனக்குக் காய்ச்சல் வந்தால் பக்கத்து வீட்டுக்காரிதான் கொடுத்தாள். அதை யாராவது பெரிதாகப் பேசினோமா?

நீ வந்தாய், அவனை வாங்கிக்கொண்டாய், பிரியாணியைக்கூடத் தொடாமல் கிளம்பிவிட்டாய். பிரியாணியைத் தொடாதது டயட்டுக்காக என்று நினைத்து நான் உன் பங்கையும் சாப்பிட்டேன்.

போட்டோ வந்திருக்கிறது. பார்த்தாயா? ஒரே மாசத்தில் பெற்ற இரண்டு பேர். நீ கல்யாண ரவிக்கையையே போட்டுக்கொண்டு நிற்கிறாய், நாலே மாசத்தில்! பக்கத்தில் நான், அரிசி மூட்டைக்குச் சேலை சுற்றின மாதிரி. "கரோலினைப் பாரு, புள்ள பெத்த அடையாளமே இல்ல" என்று கோவில் முழுக்க உன் பேச்சுத்தான். என்னிடம் ஒருத்தி, "ஏனுங் விமலா, உள்ள இன்னொண்ணு இருக்குதுங்ளா?" என்று கேட்கிறாள். "இருக்குதுங், அது பிரியாணி" என்று சொல்லிவிட்டு நானும் சிரித்தேன்.

சுறாப் புட்டு செய்து அனுப்பியிருக்கிறேன். பால் சுரக்கும். சூட்டோடு சாப்பிடு. கோபம் தீர்ந்ததும் போனைத் திற.

உன் இடுப்பளவை நினைத்துப் பெருமூச்சு விடும்,
விமலா அக்கா

—

மதுக்கரை
8.6.2024

அக்காவுக்கு,

கடிதம் கிடைத்தது. புட்டும் கிடைத்தது. சமையல் தராசில் வைத்துப் பார்த்தேன். தேங்காயும் எண்ணெயும் சேர்த்தால் எனக்கு அரை நாள் சாப்பாட்டுக் கணக்கு அதிலேயே போய்விடும். ஜேக் சாப்பிட்டார். டப்பாவைக் கழுவி மாமாவிடம் கொடுத்திருக்கிறேன்.

என்ன செய்தேன் என்று கேட்டிருக்கிறீர்கள். சொல்கிறேன்.

போட்டோ எடுத்து முடித்ததும் அவனைத் தேடி அந்த அறைக்குத்தான் வந்தேன். கதவு பாதி திறந்திருந்தது. அவன் உங்களிடம் குடித்துக்கொண்டிருந்தான். கண்ணை மூடிக்கொண்டு, ஒரு கையால் உங்கள் சங்கிலியைப் பிடித்துக்கொண்டு, மடக் மடக்கென்று விழுங்கும் சத்தம் வாசல் வரைக்கும் கேட்டது. என்னிடம் அவன் அப்படிக் குடித்ததே இல்லை. என்னிடம் குடிப்பான், விடுவான், அழுவான், தலையைத் திருப்புவான். நான் உள்ளே வரவில்லை அக்கா. அவன் வயிறு நிறையட்டும் என்று வெளியிலேயே நின்றேன். பெற்றவள் வாசலில் நிற்கிறேன், என் பிள்ளை இன்னொருத்தி மடியில் நிம்மதியாக இருக்கிறான். உள்ளே ஓடி வந்து பிடுங்கியிருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது.

என் உடம்பைப் பற்றி நிறையக் கிண்டல் செய்தீர்கள். நான் அழகுக்காக மெலியவில்லை. காந்திபுரத்து ஜவுளிக் கடையில் எனக்கு முன் கவுண்டரில் வேலை. பட்டுச் சேலையை என் தோளில் போட்டுக் காட்டினால்தான் வாடிக்கையாளர் வாங்குவார்கள். பிள்ளை பெற்றுத் திரும்பி வந்தவர்களை எல்லாம் மாடிக்கு அனுப்பிவிட்டார்கள், பில் போடவும் துணி மடிக்கவும். ஆகஸ்டில் நான் திரும்பிப் போக வேண்டும். போனில் ஒரு ஆப் வைத்திருக்கிறேன். ஒரு நாளைக்கு ஆயிரத்து நூறு கலோரி. அதைத் தாண்டுவதில்லை. எழுபத்தொன்றிலிருந்து ஐம்பத்தெட்டுக்கு வந்தது சும்மா இல்லை.

நீங்கள் சாப்பிடுகிறீர்கள், சிரிக்கிறீர்கள், உங்களுக்குப் பாலும் வருகிறது. இரண்டு பிள்ளைக்குப் போதும் அளவுக்கு வருகிறது. அதைப் பார்த்துத்தான் பிளாக் செய்தேன்.

கரோலின்

—

போத்தனூர்
10.6.2024

கரோலினுக்கு,

டப்பா வெறுமையாக வந்தது. இருபது வருசத்தில் இந்தக் குடும்பத்தில் யாரும் யாருக்கும் வெறும் டப்பா திருப்பிக் கொடுத்ததில்லை. ஒரு கை சர்க்கரையாவது கிடக்கும். சர்க்கரையிலும் கலோரி இருக்கிறது, அதனால்தான் என்று நானே மனதைத் தேற்றிக்கொண்டேன். ஒரு கொய்யாப்பழம் போட்டிருக்கலாம்.

நீ வாசலில் நின்றது எனக்குத் தெரியாது கண்ணு. தெரிந்திருந்தால் கூப்பிட்டிருப்பேன் என்று எழுதினேன். பிறகு அடித்துவிட்டேன். அடித்திருப்பது தெரிகிறதா? கூப்பிட்டிருப்பேனா என்று நிச்சயமாகச் சொல்ல வரவில்லை. அவன் அழுகையை நிறுத்தியதும் எனக்கு என்ன தோன்றியது தெரியுமா? வெளியே எல்லாரும் உன் இடுப்பைப் புகழ்கிறார்கள், உள்ளே உன் மகன் என்னைப் புகழ்கிறான் என்று தோன்றியது. நாற்பத்திரண்டு வயசில் பிள்ளை பெற்றவளை ஊரே கேலி செய்தது. மதிவதனிக்கு ஸ்கூலில் தலை நிமிர முடியவில்லை. எல்லாவற்றையும் சிரித்தே தள்ளிவிட்டேன். உன் இடுப்பைத்தான் என்னால் சிரித்துத் தள்ள முடியவில்லை.

இன்னொன்று கேள். உன் ஆப்பை மதிவதனி என் போனிலும் போட்டுக் கொடுத்தாள். நான் சாப்பிடுவதை எல்லாம் சொல்லச் சொல்ல அவள் தட்டினாள். காலையில் என் இட்லிக் கடைக்கு ஊற்றும்போது ருசி பார்த்த இரண்டு, விற்காமல் போன நாலு, சட்னி, நெய் விட்ட அரிசிம்பருப்பு சாதம், பிரசவ லேகியம் ஒரு உருண்டை, அது நல்லதாயிற்றே என்று இன்னொரு உருண்டை. பதினோரு மணிக்குள் உன் முழு நாளையும் முடித்துவிட்டேன்! "பால் குடுக்கறவ ரெண்டு பேருக்குத் திங்கோணும்" என்றேன். "ரெண்டு பேர்ல ஒருத்தி நாலு மாசக் குழந்தைம்மா, உன்னைய மாதிரி இன்னொருத்தி இல்ல" என்கிறாள். சுகர் எல்லையில் இருக்கிறது, எடையைக் குறை என்று டாக்டர் சொன்னதையும் ஞாபகப்படுத்தினாள். வளர்த்த கடா.

அதனால் இன்று முதல் நானும் ஆயிரத்து நூறு. நீ செய்தால் நான் செய்ய மாட்டேனா? ஆகஸ்டில் இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் நின்று போட்டோ எடுப்போம். அப்போது அரிசி மூட்டை யார் என்று பார்க்கலாம்.

போட்டிக்கு இறங்கிவிட்ட,
விமலா அக்கா

—

போத்தனூர்
16.6.2024

கரோலின் கண்ணு,

உன் பதில் வருவதற்குள் எழுதுகிறேன். இரண்டு சங்கதி.

முதல் சங்கதி, போட்டியில் நான் தோற்றுவிட்டேன். நாலாம் நாள் காலை இட்லிப் பானையைத் திறக்கும்போது கண் இருட்டிக்கொண்டு வந்தது. மதிவதனி பிடித்திருக்காவிட்டால் ஆவியில் நானே வெந்திருப்பேன். சாயந்தரம் ஃபெமினா மாரைப் பிடித்து இழுக்கிறாள், விடுகிறாள், தலையைத் திருப்பிக்கொண்டு அழுகிறாள். எங்கேயோ படித்த மாதிரி இருக்கிறதே என்று யோசித்தேன். உன் கடுதாசியில் படித்தது. உடனே எழுந்து போய்ச் சோறு போட்டுக்கொண்டேன்.

இரண்டாவது சங்கதி. நேற்று ஜேக் இங்கே வந்திருந்தான். நீ அவனைத் திட்டாதே, முதலில் படி. எடை பார்த்ததில் ஜெஃபினுக்கு ஒரு மாசமாக ஏறவே இல்லையாம். கையில் பால் எடுக்கிற மெசின் ஒன்றும் இரண்டு பாட்டிலும் கொண்டு வந்திருந்தான். "அண்ணி, உங்களுக்குத்தான் நிறைய வருதுங்ளே. காலையில ஒண்ணு, சாயந்தரம் ஒண்ணு எடுத்துக் குடுங்க. நான் வந்து வாங்கிக்கறேன். கரோலினுக்குப் பவுடர் பால்னு சொல்லிக்கறேன்" என்றான்.

மறைத்து எழுத எனக்கு வராது. அவன் கேட்டதும் எனக்குள் லேகியம் கரைந்த மாதிரி இனித்தது. ஐம்பத்தெட்டுக் கிலோ ராணியம்மாவின் பிள்ளைக்கு எண்பத்துநாலு கிலோ மூட்டையின் பால்தான் வேண்டியிருக்கிறது. சரி என்று சொல்ல வாய் வரைக்கும் வந்துவிட்டது. அவ்வளவு இனித்ததால்தான் சொல்லவில்லை.

"பெத்தவளுக்குத் தெரியாம ஒரு சொட்டுக் குடுக்க மாட்டேன். அவ கேக்கட்டும், குடுக்கறேன்" என்று சொல்லி, மெசினோடு திருப்பி அனுப்பினேன். முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு போனான். அவனும் பயந்துதான் வந்திருக்கிறான்.

நீ கேட்டால் கொடுப்பேன். கேட்காவிட்டாலும் பிள்ளை வளர வேண்டும். எது செய்தாலும் சீக்கிரம் செய்.

விமலா அக்கா

—

மதுக்கரை
20.6.2024

அன்புள்ள அக்காவுக்கு,

ஜேக்கோடு இரண்டு நாளாகப் பேசுவதில்லை. பவுடர் பால் என்று சொல்லி உங்கள் பாலைக் கொண்டு வர நினைத்தாரே, அதை நினைத்தால் இன்னும் கொதிக்கிறது. நீங்கள் கொடுத்திருந்தால் உங்கள் வீட்டுப் படி ஏறியிருக்க மாட்டேன். கொடுக்காததற்காகவும் எனக்குக் கோபம்தான் வந்தது. அவன் பசியை நினைத்து.

பிறகு ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு நானே தூக்கிக்கொண்டு போனேன். ஹபீபுன்னிசா சிஸ்டர் மறுபடியும் எடை போட்டார். ஏறவில்லை. "நீங்க என்ன சாப்பிடறீங்க?" என்று கேட்டார். ஆப்பைக் காட்டினேன். நல்ல பெயர் எடுக்கப்போகிறேன் என்று நினைத்துக்கொண்டு காட்டினேன் அக்கா.

"ஏம்மா, பால் சுரக்கறதுக்கு மட்டும் நானூறு, ஐந்நூறு கலோரி உடம்பு எடுத்துக்கும். மிச்சம் அறுநூத்துல நீங்க நடமாடறீங்களா? இந்த ஆப்புல, பால் குடுக்கறேன்னு எங்கயாவது சொல்லியிருக்கீங்களா?"

சொல்லவில்லை. அப்படி ஒரு கேள்வி அதில் இருந்தது. வேலைக்குத் திரும்பும் தேதியையே நினைத்துக்கொண்டு அதைத் தாண்டிவிட்டேன்.

"மெலியறது தப்பில்லீங்க. வாரத்துக்கு அரைக் கிலோ குறைஞ்சா போதும். பசிச்சா சாப்பிடுங்க. பருப்பு, முட்டை, மீன், கீரை, தண்ணி. இவனைக் கேக்கறப்பெல்லாம் மார்ல போடுங்க. பத்து நாள்ல கூட்டிட்டு வாங்க. அப்பவும் ஏறலைன்னா டாக்டர்கிட்ட காட்டி வேற பால் பாக்கலாம். அதுல வெக்கப்பட ஒண்ணும் இல்ல" என்றார். உங்களைப் பற்றியும் கேட்டேன். பட்டினி வேண்டாமாம். இரண்டாவது உருண்டையும் விற்காத இட்லியும் நெய்யும்தான் வேண்டாமாம். சாயந்தரம் அரை மணி நடக்கச் சொன்னார். சுகரை மறுபடி பார்க்கச் சொன்னார்.

நான் சாப்பிட ஆரம்பித்துவிட்டேன். முன் கவுண்டர் போகிறது என்று ஒவ்வொரு வாய்க்கும் தோன்றுகிறது. இருந்தாலும் விழுங்குகிறேன்.

இனி நான் கேட்பது உங்களைப் புண்படுத்தும். இந்த ஒரு மாதம் இங்கே வராதீர்கள். உங்கள் பாலும் வேண்டாம். அவன் உங்கள் வாசனையைத் தேடுகிறான் என்று எனக்கு ஒரு நினைப்பு. உண்மையோ பொய்யோ தெரியாது. நீங்கள் வந்தால் என்னை விட்டு உங்களிடம் தாவுவான். அதை இன்னொரு முறை வாசலில் நின்று பார்க்க என்னால் முடியாது. போனையும் இப்படியே விட்டுவிடுங்கள். போனில் நீங்கள் சிரித்துவிடுகிறீர்கள். கடிதத்தில்தான் நின்று யோசிக்கிறீர்கள்.

கரோலின்

—

போத்தனூர்
30.6.2024

கரோலினுக்கு,

வரவில்லை. வர மாட்டேன்.

புண்பட்டதா என்றால் பட்டது. கடுதாசியைப் படித்துவிட்டு இரண்டாவது உருண்டையைச் சாப்பிட்டேன். சிஸ்டரிடம் சொல்லாதே. அதற்குப் பிறகு டப்பாவை மதிவதனி எடுத்து அவள் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டாள். விற்காத இட்லியை இப்போது ஆட்டோ ஸ்டாண்டுக்கு அனுப்பிவிடுகிறேன். மாமாவின் கூட்டாளிகள் குண்டாகிறார்கள். நான் சாயந்தரம் ரயில்வே ஸ்டேசன் வரைக்கும் ஃபெமினாவைத் தூக்கிக்கொண்டு நடக்கிறேன். எடை தூக்கி நடந்தால் இன்னும் நல்லதாம்.

போன வியாழக்கிழமை மாமா மதுக்கரைக்குச் சவாரி போனார். நானும் ஆட்டோவில் ஏறி உட்கார்ந்துவிட்டேன். உன் தெரு முனை வரைக்கும் வந்தேன். "இறங்கறயா?" என்றார். "ஏனுங், திருப்புங்க வண்டிய. அவ வேண்டாம்னு சொல்லியிருக்கறா" என்றேன். உன் வீட்டுக் கொடியில் ஜெஃபினின் மஞ்சள் சட்டை காய்ந்துகொண்டிருந்தது. அதைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிட்டேன்.

பத்து நாள் ஆகிவிட்டதே. எடை என்ன ஆயிற்று? ஒரே ஒரு வரி எழுது. ஏறியதா இல்லையா, அது போதும். இடுப்பளவு எல்லாம் கேட்கவில்லை.

விமலா அக்கா

—

மதுக்கரை
16.7.2024

அன்புள்ள அக்கா,

பதில் எழுதாமல் உங்களைத் தவிக்க விட்டுவிட்டேன். முதல் முறை ஏறினது கொஞ்சம்தான். நம்ப பயமாக இருந்தது. நேற்று மறுபடி எடை போட்டோம். நன்றாக ஏறியிருக்கிறான். ஹபீபுன்னிசா சிஸ்டர் அவன் தொடையைக் கிள்ளிப் பார்த்து, "இப்பத்தான் இவனுக்கு மடிப்பு விழுது" என்றார். நான் அங்கேயே அழுதுவிட்டேன்.

இப்போது குடிக்கும்போது அவனுக்குச் சத்தம் வருகிறது. உங்களிடம் வந்த அதே சத்தம். முதல் தடவை கேட்டபோது ஜேக்கை எழுப்பிக் கேட்க வைத்தேன். "ஆமா, தண்ணி லாரி மாதிரி" என்றார். அன்றைக்குத்தான் அவரோடு பேச ஆரம்பித்தேன்.

கடைக்கும் போய் வந்தேன். பழைய ரவிக்கை கொக்கி மாட்டவில்லை. மேனேஜர் பார்த்துவிட்டு, "ஆகஸ்ட்ல மாடிக்கு வந்துடும்மா, பில் செக்‌ஷன்" என்றார். சம்பளம் அதேதான். முன் கவுண்டரில் நேஹா என்று ஒரு பெண் நின்றுகொண்டிருந்தாள். என் கையால் நூறு தடவை மடித்த மயில் கழுத்து நிறப் பட்டைத் தோளில் போட்டுக் காட்டிக்கொண்டிருந்தாள். அவளுக்கு நன்றாக இருந்தது. அதுதான் எரிச்சல். படி இறங்கும்போது எனக்கு உங்கள் ஞாபகம் வந்தது. அந்த போட்டோவைப் பார்த்து நீங்கள் சிரித்தபோது உள்ளே எப்படி இருந்திருக்கும் என்று அப்போதுதான் தெரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை போத்தனூர்க் கோவிலுக்கு வருகிறோம். ஒரு நிபந்தனை. அவனுக்கு நான் பால் கொடுத்து முடித்த பிறகுதான் உங்கள் கையில் தருவேன். அதுவரை கேட்கக் கூடாது. சிரிக்கவும் கூடாது. எனக்கு இன்னும் பொறாமையாகத்தான் இருக்கிறது.

உங்கள்
கரோலின்

—

போத்தனூர்
21.7.2024, ஞாயிறு

என் கரோலின் கண்ணுக்கு,

நீங்கள் கிளம்பி மூன்று மணி நேரம்தான் ஆகிறது. நேரில் சொல்ல வாய் வரவில்லை, எழுதுகிறேன்.

பூசை முடிந்து மாதா சிலை இருக்கிற கெபிப் பக்கம் பெஞ்சில் நீ அவனுக்குக் கொடுத்துக்கொண்டிருந்தாய். நான் வேப்ப மரத்துக்குக் கீழே நின்றுகொண்டு, பார்க்காத மாதிரி பார்த்தேன். சொன்னபடி கேட்கவில்லை, சிரிக்கவில்லை. முகத்தைக் கல்யாணத்துக்குப் பெண் பார்க்க வந்தவள் மாதிரி வைத்துக்கொண்டிருந்தேன். "அண்ணிக்கு வயித்து வலியா?" என்று ஜேக் கேட்டான்.

அப்புறம் கொண்டு வந்து கொடுத்தாய். அப்பா, என்ன கனம்! கை வலித்தது, அவ்வளவு சந்தோசம். ஆனால் உன் மகன் என்னைப் பார்த்தான் பார், யாரோ பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரி மாதிரி. ஒரு தடவை என் ரவிக்கைப் பக்கம் முகத்தைத் திருப்பினான். எனக்குத் திக்கென்றது. கொட்டாவி விட்டுவிட்டு உன்னைத் தேடினான். நீ தண்ணீர் குடிக்கக் குழாய்க்குத்தான் போயிருந்தாய். அதற்குள் உதட்டைப் பிதுக்கிக்கொண்டு அழுதான்.

"அம்மாவைத் தேடறான், அம்மாவைத் தேடறான்" என்று எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னேன். சிரித்துக்கொண்டேதான் சொன்னேன். அந்த அழுகைக்கு என் ரவிக்கை நனைந்துவிட்டது கண்ணு. என் உடம்புக்கு யார் பிள்ளை என்று தெரியவில்லை. அழுதால் சுரக்கிறது. அவமானமாகப் போய்விட்டது. இரண்டு கையிலும் அவன், முந்தானையை இழுக்கவும் முடியவில்லை.

நீ ஓடி வந்தாய். பார்த்தாய். அவனைப் பிடுங்கிக்கொண்டு போய்விடுவாய் என்று நினைத்தேன். நீ முதலில் என் முந்தானையை எடுத்துத் தோளுக்கு மேலே நன்றாக இழுத்து விட்டாய். அப்புறம்தான் அவனை வாங்கினாய். யாரும் பார்க்கவில்லை. இருபது வருசத்தில் எனக்குச் சேலை சரி செய்துவிட்டது நீ ஒருத்திதான்.

பொறாமை போய்விட்டதா என்று கேட்டால் போகவில்லை. ஒரு மாசத்தில் நான் குறைத்தது ஒன்றரைக் கிலோ. நீ ஏற்றின பிறகும் என்னில் பாதிதான் இருக்கிறாய். உன் மகனும் இப்போது உன் பக்கம். எனக்கு எரிகிறது. எரிந்துகொண்டேதான் உனக்குக் கொள்ளுப் பருப்பு வறுத்து வைத்திருக்கிறேன், மாமா நாளைக்குக் கொண்டு வருவார். அளந்து சாப்பிடாதே, பசிக்குச் சாப்பிடு.

அடுத்த ஞாயிறும் வா. அன்றைக்கும் அவன் வயிற்றை நிரப்பிவிட்டே என் கையில் கொடு. பசியோடு கொடுத்தாயானால், எனக்கு என் மேல் நம்பிக்கை இல்லை.

உன்
விமலா அக்கா